காரணம் என்ற கட்டம்

ஜாலான் பென்ஹாலோவுக்கு வேறு பெயர் வைக்கலாமா
என்று பேச ஒன்பது பேர் வந்திருந்தார்கள்.
நாற்காலி பன்னிரண்டு, கறிபாப் இருபது.
நான் குறிப்பெடுக்கிறவள்.
தமிழில் அவர்கள் சண்டை போடுவார்கள்,
மலாயில் நான் எழுதவேண்டும்,
ஊராட்சி அலுவலகத்தில் யாரோ ஒருவர்
படிக்காமல் கோப்பில் சேர்ப்பார்.

சுங்கை மெராந்தியில் எவரும் அவனைப்
பென்ஹாலோ என்று சொன்னதில்லை.
பெண்ணாளு துரை.
பெண் விவகாரம் ஒன்றும் இல்லை,
பால்மரம் வருமுன்பே
நம் நாக்கு வளைத்த வளைவு அது.

டியூஷன் சென்டர் பாக்கியதாஸ் முதலில் எழுந்தார்.
"அறுபது குதிரை. எதிரே பதினொரு பீரங்கி.
பின்வாங்கத்தான் ஊதினார்கள்.
பாயச் சொன்னதாக இவன் காதில் விழுந்தது.
கால் மணி நேரம், நாற்பத்தொரு பிணம்.
விசாரணையில் கேட்டால், காற்று என்றான்.
காற்றாம்!
அந்த அவமானத்தைக் கப்பலேற்றி வந்து
இங்கே காப்பி நட்டான்."

"பீரங்கியப் புடிச்சானா, இல்லையா?"
லாரி ருக்குமாங்கதன், உட்கார்ந்தபடியே.

"பிடித்தான்."

"அப்புறம் என்னங்க?"

இதை நான் 'சூடான விவாதம்' என்று எழுதினேன்.

வன்பொருள் கடை லியோங் கை தூக்கினார்:
"பேர் மாத்துனா என் போர்டு, பில் புக்கு,
ரப்பர் ஸ்டாம்பு, எல்லாம் யார் காசு?"
சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அந்தோணியம்மா கிளினிக் உடையிலேயே வந்திருந்தார்.
"பதினாறு கட்டில் போட்டது அவன்தானே.
அதுக்கு முன்னாடி காய்ச்சல் வந்தவன்
லயத்துத் தரையிலயே முடிஞ்சான்."

பாக்கியதாஸ் பையிலிருந்து நகலை உருவினார்.
கட்டில் கணக்கு.
கூலி 88, காய்ச்சல், இறப்பு.
கூலி 112, காய்ச்சல், இறப்பு.
கூலி 113, ஓடிப்போனான்.

மின்விசிறி மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.

"எங்க வூட்லயும்
ஓடிப்போன ஒருத்தர் உண்டு," என்றார் ருக்குமாங்கதன்,
இவ்வளவு நேரம் துரைக்காகத் தொண்டை கிழித்தவர்.
"நம்பர் என்னன்னு யாருக்குத் தெரியும்?
ராத்திரில ஆத்தக் கடந்து,
ரெண்டு நாள் நடந்து...
எங்க போனாருங்கிறீங்க? அடுத்த எஸ்டேட்டு."

பதினான்காம் பிளாக்கில், செம்பனை ஓலைக் குவியலுக்கு அடியில்
ஒரு கல் கிடக்கிறது. நான் பார்த்திருக்கிறேன்.
சுல்தானா. வயது பத்தொன்பது.
ஒருமுறையும் என்னைக் கீழே தள்ளாதவள்.
துரை தன் குதிரைக்கு வெட்டியது.
எழுத்து இன்னும் தேயவில்லை, கருங்கல்.
சொல்ல நினைத்தேன்.
குறிப்பெடுப்பவள் பேசக்கூடாது.

அப்போது பக்கத்துப் பள்ளித் திடலில்
மெர்டேக்கா ஒத்திகைக்கு ஒரு பையன் ஊதுகொம்பை எடுத்தான்.
பிசிறு. இருமல். மறுபடி,
நீளமாய் இரண்டு, குட்டையாய் மூன்று.
பாக்கியதாஸ் விரல் நீட்டியபடியே நின்றுவிட்டார்.

"இது எது?" என்றார் அந்தோணியம்மா.
"பாயவா, திரும்பவா?"

யாருக்கும் தெரியவில்லை.
நூற்றைம்பது வருடத்துப் பிழையை
தேதியோடு சொன்னவருக்கும்.

பையன் மூன்றாம் முறை ஊதினான்.
பாதிப் பேர் கூட்டம் முடிந்ததென்று எழுந்தார்கள்,
மீதிப் பேர் கறிபாப் தட்டைப் பார்த்துப் பாய்ந்தார்கள்.
லியோங் மட்டும் அசையாமல்
போர்டுக்கு என்ன பதில் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இரவு, படிவத்தை நிரப்பினேன்.
தீர்மானம்: ஒத்திவைக்கப்பட்டது.
காரணம் என்ற கட்டத்தில்
காற்று என்று எழுதி,
அடித்துவிட்டு,
மழை என்று எழுதினேன்.

அன்று மழை பெய்யவில்லை.